வீட்டிலிருந்தே குழந்தை உளவியல் படிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தை உளவியல் படிக்க வேண்டும் என்று விசாரிப்பவர்களில் பலர் பிளே ஸ்கூல் டீச்சர்கள், வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள், பி.எட். முடித்துவிட்டுக் கல்யாணம், குழந்தை என்று வேலைக்குப் போக முடியாமல் இருப்பவர்கள். தன் பிள்ளையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்கும் அப்பா அம்மாக்களும் உண்டு. "காலேஜுக்குப் போய் வர முடியாது, வீட்டிலிருந்தே படிக்க ஏதாவது இருக்கா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

இருக்கிறது. நன்றாகவே படிக்கலாம். ஆனால் இந்தப் படிப்பில் பாதிதான் புத்தகத்தில் இருக்கிறது. மீதி உங்கள் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் இருக்கிறது. அவர்களை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதுவது என்று சொல்லித் தராத கோர்ஸ், எவ்வளவு பளபளப்பான சான்றிதழ் கொடுத்தாலும் உங்களுக்கு உதவாது. அதனால் இந்த வழிகாட்டியில் கோர்ஸ் தேடுவதைவிட அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எதற்காகப் படிக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். பொதுவாக அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: என் பிள்ளையைப் புரிந்துகொள்ள, பிள்ளைகளோடு நான் செய்யும் வேலையை நன்றாகச் செய்ய, உளவியல் ஆலோசகராக ஆக.

முதல் இரண்டுக்கும் வீட்டிலிருந்து படிப்பது சரியான வழி. மூன்றாவதற்கு அது வழியே இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் மக்கள் பணத்தை இழக்கிறார்கள்.

2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவத்திலிருந்து உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளில் தொலைநிலை, ஆன்லைன் முறைச் சேர்க்கை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) உத்தரவிட்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியல் வருவதுதான் காரணம். ஆகவே "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி, இந்த வருஷமே சேரலாம்" என்று யாராவது அழைத்தால், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்புக்கு எந்த ஆண்டில் அனுமதி என்று பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும்.

மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய, இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த பயிற்சியும் அதன் பதிவும் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அந்தக் குழுமம். சுருக்கமாக ஆர்சிஐ என்பார்கள். இந்த வழியில் போக நினைப்பவர்கள் நேரடிக் கல்லூரிப் படிப்பையே திட்டமிட வேண்டும். நம் பக்கத்தில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் உண்டு. கடலூரிலிருந்து இரண்டுக்கும் பஸ்ஸில் போய் வரலாம்.

இரண்டாம் படி: எந்த கோர்ஸ்?

பட்டம் தராத, ஆனால் பாடம் தரமாக இருக்கும் வழிகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017இல் தொடங்கப்பட்டது. அதில் பாடம் கேட்பது முழுக்க இலவசம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் இதன் வழியாகத்தான் வருகின்றன. வளர்ச்சி உளவியல், கல்வி உளவியல், அடிப்படை உளவியல் என்று ஒவ்வொரு பருவத்திலும் பட்டியல் மாறும். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பட்டியலைப் பாருங்கள். என்பிடெல் பாடத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் உண்டு. ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் இருக்கும். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி. வாரக் கெடு தவறினால் அந்த மதிப்பெண் போனதுதான்.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) நடத்தும் தொடக்கக் குழந்தைப் பருவப் பராமரிப்பு, கல்விப் பட்டயம் இன்னொரு நல்ல வழி. பிளஸ் டூ போதும். குழந்தை வளர்ச்சி, உடல்நலம், ஊட்டச்சத்து, குழந்தைகளுக்கான சேவைகளை நடத்துவது ஆகியவை பாடங்கள். பிள்ளைகளோடு நேரில் செய்ய வேண்டிய செய்முறை வேலையும் உண்டு. இது உளவியல் பட்டயம் அல்ல. ஆனால் பால்வாடி, பிளே ஸ்கூல் வேலை செய்பவருக்கு உளவியல் என்று பெயர் போட்ட பல கோர்ஸ்களைவிட இது அதிகம் சொல்லித் தரும் என்பது என் கருத்து. 32 கிரெடிட். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 960 மணி. ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்றால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஒரே ஆண்டில் முடிக்கத் திட்டமிட வேண்டாம். கூடுதல் அவகாசம் இருக்கிறது, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பருவத்தில் சேர்க்கை உண்டா, எந்த மொழியில் பாடநூல் கிடைக்கும், பக்கத்துப் படிப்பு மையம் எது. இக்னோவின் பாடநூல்களை இஜியான்கோஷ் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். சேருவதற்கு முன்பே ஒரு அலகைப் படித்துப் பாருங்கள். நமக்கு ஒத்து வருமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் தனியார் சான்றிதழ்கள். ஃபேஸ்புக்கைத் திறந்தாலே "டிப்ளமோ இன் சைல்டு சைக்காலஜி" விளம்பரம் வருகிறது. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் "ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்றது" என்பது அந்த நிறுவனத்தின் நிர்வாக நடைமுறை பற்றியது. பாடத்தின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. "எம்எஸ்எம்இ பதிவு பெற்றது" என்றால் ஒரு தொழிலாகப் பதிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டுமே கல்வி அங்கீகாரம் இல்லை. பணம் கட்டும் முன் அவர்களிடம் கேட்க வேண்டியவை: என் ஒப்படைப்பை யார் படித்துத் திருத்துவார், அவருடைய படிப்பு என்ன? ஒரு மாதிரிப் பாடம் அனுப்புவீர்களா? நேரில் பிள்ளைகளைக் கவனித்து எழுதும் வேலை உண்டா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? இவற்றில் முதல் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் சேராதீர்கள்.

மூன்றாம் படி: படிக்கும் பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று தயங்குபவர்களுக்கு: தமிழில் தொடங்க வழி இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 வினாக்களில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பற்றியவை. அதனால் தமிழில் அந்தப் பாடத்துக்கு ஏராளமான நூல்கள் இருக்கின்றன. ஆனால் அவை மனப்பாடத்துக்காக எழுதப்பட்டவை. பெயர், ஆண்டு, கொள்கை என்று பட்டியலாக ஓடும். சொற்களைப் பழகிக்கொள்ள மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சிக்கான தமிழ்ப் பாடநூல்கள் இன்னும் பொறுமையாக விளக்கும். ஆங்கிலம் ஓரளவு வந்தால் என்சிஇஆர்டியின் பிளஸ் ஒன், பிளஸ் டூ உளவியல் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம். என்னைக் கேட்டால் அவைதான் மிகச் சிறந்த தொடக்கம். எளிய ஆங்கிலம், இந்திய எடுத்துக்காட்டுகள்.

அமைதியாக உட்கார்ந்து படிக்க வீட்டில் இடம் இல்லையென்றால், புதுச்சேரியில் ரோமன் ரோலன் நூலகம் இருக்கிறது. 1827இல் தொடங்கியது. கடலூரில் மாவட்ட மைய நூலகம்.

நான்காம் படி: எந்த வரிசையில் படிப்பது

பெரும்பாலோர் நேராக ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), கற்றல் குறைபாடு என்று தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். இயல்பான வளர்ச்சி எவ்வளவு விரிந்த எல்லை கொண்டது என்று தெரியாமல் குறைபாட்டைப் படித்தால், பார்க்கிற பிள்ளை எல்லாம் நோயாளியாகத் தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடியாடினால் அது ஏடிஹெச்டி இல்லை.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் உடல் வளர்ச்சி, இயக்கத் திறன்: தலை நிற்பது, உட்காருவது, நடப்பது. அடுத்து தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பற்றுறவு. பிறகு மொழி. பிறகு சிந்தனை வளர்ச்சி. அதன் பின் உணர்ச்சி, விளையாட்டு, நட்பு. கடைசியில்தான் சிக்கல்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, சமையலுக்கு முன், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பலருக்கும் நடக்கிறது. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு படிக்கிறேன் என்று திட்டம் போடுபவர்கள்தான் அதிகமாக நின்றுபோகிறார்கள்.

ஒவ்வொரு தலைப்பையும் படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இந்த ஆராய்ச்சி யாருடைய பிள்ளைகளை வைத்துச் செய்தது? ஜோசப் ஹென்ரிக்கும் சக ஆய்வாளர்களும் 2010இல் இதைப் பெரிய விவாதமாக்கினார்கள். உளவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி மேற்கத்திய, படித்த, வசதியான சமூகங்களிலிருந்தே வருகிறது என்றார்கள். பற்றுறவுப் பாடத்தில் இது நன்றாகத் தெரியும். மேரி ஐன்ஸ்வொர்த் தன் முதல் கவனிப்புகளைச் செய்தது 1950களில் உகாண்டா கிராமங்களில், வீடுகளுக்கு நேரில் போய். அதற்குப் பின்புதான் அமெரிக்காவில், தெரியாத அறையில் தாய் சில நிமிடம் விட்டுப் போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனையை உருவாக்கினார். பாடநூல்கள் அந்தச் சோதனையைத்தான் பெரிதாகச் சொல்லும். பாட்டி, அத்தை, சித்தி என்று நாலு பேர் மடியில் மாறி மாறி வளரும் திருப்பாதிரிப்புலியூர்க் குழந்தை அந்த அறையில் எப்படி நடந்துகொள்ளும்? உங்கள் ஒப்படைப்பில் இப்படிக் கேள்வி எழுப்பி எழுதுங்கள். நல்ல திருத்துநர் அதைத்தான் எதிர்பார்ப்பார். அந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கவே வேண்டாம். குழந்தையை அழவிட்டுக் கற்றுக்கொள்ள நமக்கு அதில் எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: பிள்ளைகளைக் கவனிப்பது

தனியாக ஒரு நோட்டு வாங்குங்கள். போன் வேண்டாம், போனைக் கையில் எடுத்தால் பிள்ளைகள் உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், பெற்றோருக்கும் சந்தேகம் வரும். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலது பக்கம் நீங்கள் நினைத்தது. இந்தக் கோட்டைத் தாண்டாமல் எழுதப் பழகுவதே பெரிய பயிற்சி.

எடுத்துக்காட்டாக, "பையன் அடம் பிடித்தான்" என்று இடது பக்கம் எழுதக் கூடாது. அது உங்கள் முடிவு. "அம்மா பலூன்காரரைத் தாண்டி நடந்தார். பையன் நின்றான். 'பலூன்' என்று மூன்று முறை சொன்னான். அம்மா கையைப் பிடித்து இழுத்தார். தரையில் உட்கார்ந்தான். அழவில்லை. அம்மா போனைப் பார்த்தார். பையன் எழுந்து அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்." இப்படி எழுதினால், அடம் என்று நாம் பெயர் வைத்த விஷயத்துக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று தெரியும். அவன் அழவே இல்லை. அம்மாவின் கவனம் விலகியதும் தானாகவே அருகில் வந்தான். ஒரு நடத்தைக்கு முன் என்ன நடந்தது, நடத்தை என்ன, அதற்குப் பின் என்ன நடந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது உளவியலில் அடிப்படையான பழக்கம். அதை இந்த நோட்டுதான் கற்றுத் தரும்.

எங்கே போவது? கடலூர்க்காரர்களுக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச், மாலை நேரம். மணலில் விளையாடும் பிள்ளைகள் ஒரே இடத்தில் பல வயதில் கிடைப்பார்கள். புதுச்சேரியில் பாரதி பூங்கா, தாவரவியல் பூங்கா, கடற்கரைச் சாலை. கல்யாண மண்டபமும் அருமையான இடம். பெரியவர்கள் பேச்சில் மூழ்கியிருக்க, பிள்ளைகள் தாங்களாகவே கூட்டம் சேர்ந்து விதிகள் போட்டு விளையாடுவார்கள். பொது இடத்தில் தூரத்திலிருந்து பார்த்து, பெயர் இல்லாமல் எழுதுவது சரி. பள்ளியிலோ அங்கன்வாடியிலோ என்றால் பொறுப்பாளரிடமும் பெற்றோரிடமும் சொல்லி, அனுமதி வாங்கிய பிறகுதான்.

மணலில் விளையாடுபவர்களைப் பார்க்க மில்ட்ரெட் பார்ட்டனின் வகைப்பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். 1932இல் வெளியிட்டார், இன்றும் பயன்படுகிறது. எதிலும் சேராமல் இருப்பது, தனியே விளையாடுவது, மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக ஒரே மாதிரி விளையாடுவது, பொருளைக் கொடுத்து வாங்கி விளையாடுவது, ஒரே இலக்கோடு கூட்டாக விளையாடுவது. ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து அந்த நொடியில் எந்த வகை என்று குறியுங்கள். அரை மணி நேரத்தில் பதினைந்து குறிப்பு கிடைக்கும். ஆறு வயதுப் பிள்ளை கூட தனி விளையாட்டுக்குப் போய்த் திரும்புவதைப் பார்ப்பீர்கள். படி ஏறுவது போல ஒவ்வொரு வகையாகக் கடந்து போவார்கள் என்று பாடத்தில் படித்த எண்ணம் அங்கேயே தளர்ந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய இரண்டு சிறு சோதனைகள் உண்டு. முதலாவது, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே செய்தது. ஒரே அளவுள்ள இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சமமா என்று பிள்ளையைக் கேளுங்கள். ஒத்துக்கொண்ட பிறகு, ஒன்றை ஒடுக்கமான, உயரமான பாட்டிலில் ஊற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். நாலு ஐந்து வயதில் பல பிள்ளைகள் பாட்டிலில்தான் அதிகம் என்பார்கள். எட்டு வயதில் "ஊத்துனதுதானே, அதேதான்" என்பார்கள். பியாஜே இதை வைத்து ஏழு வயதுக்கு முன் பிள்ளைகளின் சிந்தனை வேறு விதமானது என்றார்.

ஆனால் 1970களில் மெக்கரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் இதே மாதிரி ஒரு சோதனையைச் சிறு மாற்றத்தோடு செய்தார்கள். வரிசையாக வைத்த பொருள்களை ஆய்வாளர் மாற்றாமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டதாக விளையாடினார்கள். அப்போது சரியாகச் சொன்ன சிறு பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், "என் முதல் பதில் தப்போ" என்று பிள்ளை நினைக்கலாம் அல்லவா? நம் வகுப்பறைகளிலும் "மறுபடி சொல்லு" என்றாலே பதிலை மாற்றிவிடுவார்களே. இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். பிள்ளைக்குத் தெரிந்ததும், நாம் கேட்கும் விதத்தில் வெளியே வருவதும் ஒன்று அல்ல என்று கண்ணெதிரே புரியும்.

இரண்டாவது, பிறர் மனதில் இருப்பதைப் புரிந்துகொள்வது பற்றியது. விம்மரும் பெர்னரும் 1983இல் செய்த சோதனையின் எளிய வடிவம். இரண்டு பொம்மைகள். ஒரு பொம்மை கடலை மிட்டாயைச் சிவப்பு டப்பாவில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்து நீல டப்பாவில் வைக்கிறது. முதல் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும்? மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் நீல டப்பா என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு. நாலு ஐந்து வயதில் பலர் சிவப்பு டப்பா என்பார்கள்.

இவை எதையும் பிள்ளையின் புத்திசாலித்தனத்தை அளக்கப் பயன்படுத்தாதீர்கள். தவறாகச் சொன்னால் திருத்தவும் வேண்டாம். "அப்படியா, எப்படிச் சொல்ற?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சொல்லும் காரணம்தான் உங்கள் பாடம்.

நம் ஊருக்கென்றே இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, மொழி. புதுச்சேரியில் வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், சில குடும்பங்களில் பிரெஞ்சு, தெலுங்கு, மலையாளம் என்று கலந்து வளரும் பிள்ளைகள் நிறைய. அவர்களுடைய சொற்களைக் கணக்கெடுக்கும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. "வீட்டில் தமிழ் பேசாதீர்கள்" என்று பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கு ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை. அது பிள்ளைக்கும் பாட்டிக்கும் நடுவில் இருக்கும் பேச்சையே அறுத்துவிடும்.

இன்னொன்று, கடல். 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2011 டிசம்பர் 30 தானே புயலும் நம் கரையைத் தாக்கின. அதன் பிறகும் ஒவ்வொரு கார்த்திகையிலும் புயல் எச்சரிக்கை வருகிறது. பேரிடரைக் கண்ட சிறு பிள்ளைகள் அதையே விளையாட்டில் திரும்பத் திரும்ப நடிப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் உலகெங்கும் பதிவானவை. பெரும்பாலும் வழக்கமான சாப்பாடு, தூக்கம், பள்ளி திரும்பியதும் மெல்லக் குறையும். "அதையே விளையாடாதே" என்று தடுப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நல்லது. வாரக்கணக்கில் குறையாமல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். உங்கள் கோர்ஸில் பேரிடரும் குழந்தைகளும் என்ற பாடம் இல்லாவிட்டாலும் இதைத் தேடிப் படியுங்கள். கடலூர் மாவட்டத்தில் பிள்ளைகளோடு வேலை செய்பவருக்கு இது தேவைப்படும்.

ஆறாம் படி: எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

கோர்ஸில் சேர்ந்தது தெரிந்தாலே அக்கம்பக்கத்தார் கேட்க ஆரம்பிப்பார்கள். "அக்கா, என் பையன் இன்னும் பேசலையே, என்னன்னு பாருங்களேன்." நீங்கள் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. "ஒண்ணுமில்ல, அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாராம்" என்று சமாதானமும் சொல்லக் கூடாது. இரண்டாவது பழக்கம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது, காலம் போய்விடும்.

எப்போது உடனே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்: 12 மாதத்தில் மழலை ஒலியோ கை காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலும் வந்த பேச்சு போய்விட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், முதலில் காதுகேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறப்பிலிருந்து 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதித்து, மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு, செலவு இல்லை. அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் வழி சொல்வார்கள். பெரிய மருத்துவமனை வேண்டும் என்றால் ஜிப்மர் இருக்கிறது. இரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 அம்ச அட்டவணையைப் படித்துப் பழகுங்கள். எளிமையானது, நம் நாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. ஆனாலும் அது சந்தேகத்தை எழுப்பும் கருவி மட்டும்தான். நோயை முடிவு செய்ய அது போதாது.

இரண்டு எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416.

இன்னொன்று, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. கவனிப்பின்போதோ பேச்சிலோ ஒரு பிள்ளை பாலியல் தொந்தரவைப் பற்றிச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமை. குடும்பத்தோடு பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் சரி. பிள்ளையை நீங்களே துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள், கேட்டதைக் கேட்டபடி எழுதி வையுங்கள், உடனே தெரிவியுங்கள்.

நோட்டில் பிள்ளைகளின் உண்மைப் பெயர் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது வேண்டவே வேண்டாம்.

ஏழாம் படி: ஒப்படைப்பும் தேர்வும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இக்னோவில் ஒப்படைப்பை நேரத்துக்குக் கொடுத்தால்தான் தேர்வு எழுத வழி. கெடு தேதியை சமையலறைக் காலண்டரில் எழுதுங்கள். ஒவ்வொரு பதிலிலும் உங்கள் நோட்டிலிருந்து ஒரு கவனிப்பைச் சேருங்கள். பியாஜேயின் கொள்கையை வரி பிசகாமல் எழுதியவரைவிட, டம்ளர் சோதனையில் தன் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்ன காரணத்தை எழுதியவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் ஆயத்த ஒப்படைப்பை வாங்கி நகல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தேர்வில் தேறலாம், ஆனால் பிள்ளை முன் நிற்கும்போது கையில் எதுவும் இருக்காது.

படிப்புத் துணைக்கு ஆள் தேடுங்கள். அதே கோர்ஸ் படிக்கும் ஒருவர் கடலூரிலோ பாண்டியிலோ கிடைத்தால், இருவரும் ஒரே பிள்ளையை ஒரே நேரத்தில் பார்த்துத் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். இடது பக்கமே வேறுபடும். எங்கே வேறுபடுகிறது என்று பேசுவது ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

எட்டாம் படி: முடித்த பிறகு

சான்றிதழ் கையில் வந்ததும் "உளவியல் ஆலோசகர்" என்று பலகை மாட்டாதீர்கள். பிளே ஸ்கூலில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளுக்கான கல்வித் திட்டங்களில் தன்னார்வலராகலாம், டியூஷனை வேறு விதமாக நடத்தலாம். ஏற்கெனவே டீச்சராக இருப்பவருக்கு வகுப்பறையே மாறும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தடை என்பது தெரியும், அடிக்காமல் என்ன செய்வது என்று தெரியவில்லை என்பதுதான் பல ஆசிரியர்களின் சிக்கல். அதற்கு இந்தப் படிப்பு நேரடியாக விடை தருகிறது.

மேலே போக விரும்பினால், சிறப்புக் கல்வியில் ஆர்சிஐ அங்கீகரித்த டி.எட்., பி.எட். படிப்புகள் இருக்கின்றன. பிள்ளைகளோடு வேலை செய்தே ஆக வேண்டும் என்று இருப்பவர்களுக்கு உளவியல் பட்டத்தைவிட இது விரைவில் கைகொடுக்கும். எந்தக் கல்லூரிக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் என்று ஆர்சிஐ தளத்திலேயே பார்த்துவிட்டுச் சேருங்கள். அடுத்த சேர்க்கைக்குள் கையிலிருக்கும் நேரத்தில் இஜியான்கோஷிலிருந்து குழந்தை வளர்ச்சி பற்றிய முதல் அலகை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போடுங்கள். இந்த ஞாயிறு மாலையே பீச்சிலோ பூங்காவிலோ அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, யார் அனுமதிக்கவும் காத்திருக்க வேண்டியதில்லை.